ப்ரீ-மெட் படிக்கிறப்போ ஈஸி மேஜருக்கு மாறலாமா? பி மைனஸ் வாங்கின தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, நீங்க கேட்டிருக்கிறது இது. அமெரிக்காவுல ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டில பயோமெடிக்கல் எஞ்சினியரிங் முதல் வருஷம். முதல் செமஸ்டர் ஜெனரல் கெமிஸ்ட்ரில பி மைனஸ், கால்குலஸ்ல பி ப்ளஸ். ரூம்மேட்டும் ப்ரீ-மெட்தான், அதாவது டிகிரி முடிச்சிட்டு மெடிக்கல் ஸ்கூலுக்குப் போகத் தயாராகிறவர், அவர் சைக்காலஜி மேஜர் (முக்கியப் பாடம்), அவருக்கு ஜிபிஏ, அதாவது க்ரேட் சராசரி, முழுசா 4.0. உங்க காலேஜ்ல க்ரேடிங் ரொம்ப கறார்னு எல்லாரும் சொல்றாங்க. இத மெடிக்கல் ஸ்கூல்காரங்க கணக்குல எடுத்துக்குவாங்களா, இல்ல பேசாம ஈஸியான மேஜருக்கு மாறிடலாமா, அப்பா வேற எஞ்சினியரிங்க விட்டா கைல ஒண்ணும் இல்லாம போயிடும்னு சொல்றார், என்ன பண்றது. ஒன்பதாவது வரைக்கும் ஊர்ல தமிழ் மீடியம் படிச்சதாவும் எழுதியிருக்கீங்க. மேலோட்டமா பாத்தா இது எந்த மேஜர் எடுக்கிறதுங்கிற கேள்வி. ஆனா திரும்பத் திரும்பப் படிச்சப்போ எனக்குப் பட்டது, நீங்க கேக்கிறது "நான் கஷ்டமான வழில போறேனே, இது யார் கண்ணுக்காவது தெரியுமா"ங்கிறதுதான். அதனால அதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும்னு நினைக்கிறேன், மேஜர் அதுக்கப்புறம்.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எத எவ்வளவு நம்பணும்னு உங்களுக்குத் தெரியும். மதுரைப் பக்கம் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சிட்டு இங்க பிஎச்டிக்கு வந்தேன். அப்புறம் மிட்வெஸ்ட்ல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில 22 வருஷமா ஜெனரல் கெமிஸ்ட்ரியும் ஆர்கானிக்கும் எடுக்கிறேன். அதுல 9 வருஷம் ப்ரீ-ஹெல்த் கமிட்டில இருந்து, மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ற பிள்ளைங்களுக்கு கமிட்டி லெட்டர், அதாவது காலேஜ் சார்புல போற சிபாரிசுக் கடிதம், எழுதியிருக்கேன். மெடிக்கல் ஸ்கூல் அட்மிஷன் கமிட்டில நான் உக்காந்ததில்ல. அதனால க்ரேட் எப்படி உருவாகுது, அப்ளிகேஷன்ல அது எப்படிக் கணக்காகுது, இது ரெண்டும் எனக்கு நேரடியாத் தெரியும். அந்தக் கதவுக்கு உள்ள என்ன பேசிக்கிறாங்கங்கிறத நான் அனுப்பி வச்ச பிள்ளைங்களுக்கு வந்த முடிவ வச்சுத்தான் பேச முடியும்.

முதல்ல ஒண்ணு. ப்ரீ-மெட்ங்கிறது மேஜர் கிடையாது, அது ஒரு கோர்ஸ் வரிசை. பயாலஜி ஒரு வருஷம் லேபோட, ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒரு வருஷம், ஆர்கானிக், பிசிக்ஸ் ஒரு வருஷம், பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இங்கிலீஷ், கூடவே சைக்காலஜி சோஷியாலஜி. ஸ்கூலுக்கு ஸ்கூல் ஒண்ணு ரெண்டு மாறும், ஆனா உடம்பு இதுதான். நீங்க சம்ஸ்கிருதம் மேஜர் எடுத்தாலும் இந்த வரிசைய முடிச்சாகணும். இதுல இருந்து வர்ற விஷயத்தப் பாருங்க. உங்களுக்கு பி மைனஸ் வந்தது கெமிஸ்ட்ரில, எஞ்சினியரிங் கோர்ஸ்ல இல்ல. நாளைக்கே மேஜர மாத்தினாலும் கெமிஸ்ட்ரி 2, ஆர்கானிக் 1, ஆர்கானிக் 2, பயோகெம் எல்லாம் உங்க கூடவே வரும், அதே ஹால், அதே 300 பேர், அதே கர்வ் (க்ளாஸ் ஆவரேஜ வச்சு க்ரேட் போடற முறை). ரூம்மேட் இந்த செமஸ்டர் கெமிஸ்ட்ரி எடுத்தாரான்னு கேட்டுப் பாருங்க. சைக்காலஜி மேஜர் பிள்ளைங்க நிறைய பேர் அத ரெண்டாவது வருஷத்துக்குத் தள்ளி வைப்பாங்க, அதுல தப்பும் இல்ல. ஆனா அப்படித்தான்னா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரே பரீட்சையே எழுதல, எழுதாத பரீட்சைக்கு எப்படி ஒப்பிடறது.

இப்ப கணக்கு, ஏன்னா இந்த இடத்துலதான் பாதி பேர் தப்பான நம்பிக்கைல இருக்காங்க. பெரும்பாலான எம்டி ஸ்கூலுக்கு, அதாவது டாக்டர் டிகிரி குடுக்கிற மெடிக்கல் ஸ்கூலுக்கு, ஆம்காஸ்ங்கிற பொது அப்ளிகேஷன் சர்வீஸ் வழியாத்தான் அப்ளை பண்ணணும். அவங்க உங்க ட்ரான்ஸ்க்ரிப்ட வாங்கி அவங்களே ஜிபிஏ போடுவாங்க. ஏ-ன்னா 4.0, ஏ மைனஸ் 3.7, பி ப்ளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7. சில காலேஜ்ல ஏ ப்ளஸுக்கு 4.3 குடுப்பாங்க, ஆம்காஸ்ல அதுவும் 4.0 தான். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நாலையும் சேத்து ஒரு சயன்ஸ் ஜிபிஏ, பிசிபிஎம்னு சொல்வாங்க. மத்ததெல்லாம் ஒரு ஜிபிஏ, அப்புறம் மொத்தம். ஒரு கோர்ஸ ரெண்டாவது தடவ எடுத்தா ரெண்டு க்ரேடும் கணக்குல வரும், பழசு அழியாது. டெக்ஸஸ் பப்ளிக் ஸ்கூல்களுக்கு டிஎம்டிசாஸ்னு தனி அப்ளிகேஷன், அதுல ப்ளஸ் மைனஸே கிடையாது, ஏ மைனஸும் 4.0 தான், பி ப்ளஸ் வெறும் 3.0 தான். இதுல எங்கயாவது "இந்த காலேஜ் கறார், 0.2 கூட்டிப் போடு"ன்னு ஒரு கட்டம் இருக்கான்னு கேட்டா, இல்ல. எந்த மேஜர், எந்த ப்ரொஃபசர், ஆவரேஜ் எவ்வளவு, எதுவும் அந்த எண்ணுக்குள்ள போகாது. இது உறுதியான விஷயம்.

எதிர்ல எந்த எண்கள் நிக்குதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. 2023-24-ல எம்டி ஸ்கூல்ல சேந்தவங்களோட சராசரி மொத்த ஜிபிஏ 3.77, சயன்ஸ் ஜிபிஏ 3.71, எம்கேட்ங்கிற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வுல 511.7. சராசரின்னா கீழயும் ஆள் இருக்காங்கன்னுதான் அர்த்தம், அதப் பாத்து பயப்பட வேண்டாம். அதே மாதிரி ஜிபிஏ 3.8-க்கு மேல, எம்கேட் 517-க்கு மேல வச்சிருக்கிறவங்கள்லயும் ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வருஷம் எங்கயும் இடம் கிடைக்கிறதில்ல. அதனால எண்ண மட்டும் துரத்தினாப் போதும்னும் நினைக்காதீங்க.

அடுத்தது "க்ரேடிங் கஷ்டம்"னு நாம ஒரே வார்த்தைல சொல்றதுக்குள்ள மூணு வேற விஷயம் இருக்கு, அதப் பிரிச்சுப் பாக்காததாலதான் இவ்வளவு குழப்பம். பாடம் கஷ்டமா இருக்கிறது ஒண்ணு, பரீட்சை கஷ்டமா இருக்கிறது ஒண்ணு, எத்தன பேருக்கு ஏ குடுக்கிறதுங்கிற கட்-ஆஃப் கஷ்டமா இருக்கிறது ஒண்ணு. நம்ம ஊர்ல பத்தாவது பப்ளிக்ல 500-க்கு எவ்வளவோ அதுதான் உங்க மார்க், பக்கத்து பெஞ்ச்காரன் எவ்வளவு வாங்கினாலும் உங்க மார்க் மாறாது. இங்க பெரிய சயன்ஸ் கோர்ஸ் நிறையது அப்படி இல்ல. நான் 100-க்கு பேப்பர் போடுவேன், ஆவரேஜ் 58 வரும், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (மார்க் ஆவரேஜ்ல இருந்து சிதறுற அளவு) 15 வரும், டிபார்ட்மென்ட்ல ஆவரேஜ் ஆளுக்கு பி மைனஸ்னு ஒரு வழக்கம் இருக்கும், அப்போ 73-க்கு மேல வாங்கினவங்களுக்கு ஏ பக்கம் போகும். இந்த மாதிரி கோர்ஸ்ல பரீட்சை எவ்வளவு கஷ்டம்ங்கிறது பெரிய விஷயமே இல்ல, எல்லாருக்கும்தான் கஷ்டம், எல்லாரும் சேந்தேதான் கீழ போறாங்க. கூட உக்காந்திருக்கிறது யாரு, ஆவரேஜ எங்க வைக்கிறாங்க, இந்த ரெண்டும்தான் உங்க க்ரேட முடிவு பண்ணுது. பாதி ஹால் ப்ரீ-மெட்டா இருக்கிற, கஷ்டப்பட்டு சீட் வாங்கினவங்க மட்டும் இருக்கிற காலேஜ்ல ஆவரேஜ்ல இருக்கிறதும், எங்க மாதிரி ஸ்டேட் யூனிவர்சிட்டில ஆவரேஜ்ல இருக்கிறதும் ஒண்ணு கிடையாது, ஆனா ட்ரான்ஸ்க்ரிப்ட்ல ரெண்டும் ஒரே பி மைனஸாத்தான் விழும்.

இதுல என் தப்பு ஒண்ணும் இருக்கு. ஆரம்ப வருஷங்கள்ல ஒரு தடவ நான் போட்ட ஆர்கானிக் பேப்பர்ல ஆவரேஜ் 38 வந்துச்சு. கர்வ் எப்படி இருக்கும்னு நான் அன்னிக்கே சொல்லல, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அந்த ஒரு வாரத்துல 40, 45 வாங்கின பிள்ளைங்க, அதாவது ஆவரேஜுக்கு மேல இருந்த பிள்ளைங்க, ஃபெயில்னு நினைச்சு கோர்ஸ ட்ராப் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அதுல ஒரு பொண்ணு ப்ரீ-மெட்டையே விட்டுடுச்சுன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். இன்னிக்கு வரைக்கும் அது மனசுல கிடக்கு. அதுல இருந்து பேப்பர் குடுக்கிற அன்னிக்கே போர்டுல ஆவரேஜ், டீவியேஷன், உத்தேச கட்-ஆஃப் மூணையும் எழுதிடுவேன். உங்க ப்ரொஃபசர் எழுதலைன்னா போய்க் கேளுங்க. நீங்க எவ்வளவு வாங்கினீங்கங்கிறத விட ஆவரேஜ்ல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கிறீங்கங்கிறதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல், அது தெரியாம மேஜர் மாத்துறதப் பத்தி யோசிக்கவே கூடாது.

சரி, கறாரான காலேஜ்ங்கிறத மனுஷங்க படிக்கிறப்போவாவது பாப்பாங்களா. இங்க இருந்து உறுதி குறைய ஆரம்பிக்குது. காலேஜுக்கு காலேஜ், டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் க்ரேட் வித்தியாசம் இருக்குங்கிறது பதிவான விஷயம். யேல்ல 2022-23-ல குடுத்த க்ரேட்ல கிட்டத்தட்ட 79 சதவீதம் ஏ இல்ல ஏ மைனஸ்னு அவங்க ரிப்போர்ட்லயே வந்துச்சு, அதே யேல்ல எகனாமிக்ஸ், மேத்ஸ்ல அது பாதிக்குக் கொஞ்சம் மேலதான். பிரின்ஸ்டன் 2004-ல ஏ பக்கம் உள்ள க்ரேட 35 சதவீதத்துக்குள்ள வைக்கணும்னு ஒரு கொள்கை கொண்டு வந்து, பிள்ளைங்க பத்து வருஷம் மன உளைச்சல்ல இருந்து, 2014-ல அதக் கைவிட்டாங்க. வெல்ஸ்லி காலேஜ்ல அதே 2004-ல அறிமுக, நடுநிலைக் கோர்ஸ்ல ஆவரேஜ் பி ப்ளஸத் தாண்டக் கூடாதுன்னு விதி போட்டாங்க. ஏற்கனவே கறாரா இருந்த சயன்ஸ் டிபார்ட்மென்ட்ல ஒண்ணும் பெருசா மாறல, தாராளமா இருந்த மத்த டிபார்ட்மென்ட்ல பிள்ளைங்க குறைஞ்சாங்க, அந்த மேஜர் எடுக்கிறதும் குறைஞ்சுச்சு. 2019-ல அதுவும் போச்சு. கார்னெல்ல ஒவ்வொரு கோர்ஸோட மீடியன் (வரிசைல நடுவுல வர்ற) க்ரேடயும் வெப்ல போட்டாங்க, எது கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு. நடந்தது என்னன்னா, பிள்ளைங்க அதப் பாத்து தாராளமா க்ரேட் குடுக்கிற கோர்ஸாத் தேடிப் போனாங்க. 2011-ல போடறத நிறுத்திட்டாங்க. உங்க மனசுல இப்ப ஓடறது புதுசு இல்லங்கிறதுக்காக இதெல்லாம் சொல்றேன், நல்லா படிக்கிற பிள்ளைங்க எல்லா இடத்துலயும் இதே கணக்கப் போட்டிருக்காங்க.

இந்த வித்தியாசத்த அட்மிஷன்ல உக்காந்திருக்கிறவங்க சரியா ஈடு கட்டறாங்களான்னு சோதிச்சுப் பாத்த ஆராய்ச்சி 2013-ல வந்துச்சு. ஒவ்வொருத்தர் காலேஜோட ஆவரேஜ் க்ரேட் என்னன்னு முன்னாடியே காட்டினாலும், தாராளமான காலேஜ்ல இருந்து அதிக மார்க்கோட வந்தவங்களத்தான் அனுபவப்பட்ட ஆட்கள் கூட அதிகமாத் தேர்ந்தெடுத்தாங்க. அது மெடிக்கல் ஸ்கூல வச்சுப் பண்ணது இல்ல, அதனால அப்படியே பொருத்திப் பாக்கக் கூடாது. ஆனா மனுஷ மனசு எண்ணத்தான் முதல்ல பிடிச்சுக்கும்ங்கிறது என் அனுபவத்தோடயும் ஒத்துப் போகுது. ஒரு ஸ்கூலுக்கு உங்க காலேஜ்ல இருந்து வருஷா வருஷம் பிள்ளைங்க போறாங்கன்னா, அங்க உள்ளவங்களுக்கு உங்க 3.6 என்ன மதிப்புன்னு தெரியும். தெரியாத ஸ்கூல்ல 3.6 வெறும் 3.6 தான். உங்க காலேஜ் ப்ரீ-ஹெல்த் ஆபீஸ்ல கடந்த வருஷங்கள்ல எந்த ஜிபிஏக்கு எங்க எங்க கிடைச்சுதுங்கிற பட்டியல் இருக்கும், பேர் இல்லாம. அதக் கேட்டு வாங்குங்க. உங்க கேள்விக்கு நான் குடுக்கிறத விட நல்ல பதில் அந்தத் தாள்ல இருக்கு. அப்புறம் எம்கேட். 472-ல இருந்து 528 வரைக்கும், எல்லா காலேஜ் பிள்ளைங்களுக்கும் ஒரே பரீட்சை. கறாரான காலேஜ்ல இருந்து வர்றவங்களுக்கு அதுதான் பேச்சுத் துணை. 3.5-ம் 516-ம் வச்சிருந்த பிள்ளைக்கு நான் லெட்டர்ல எழுதின எல்லா விளக்கத்தையும் விட அந்த 516-தான் நல்லாப் பேசுச்சு.

மேஜருக்கு வருவோம். அமெரிக்க மெடிக்கல் காலேஜ்கள் சங்கம் வருஷா வருஷம் மேஜர் வாரியா ஒரு அட்டவணை போடுது. அப்ளை பண்றவங்கள்ல பாதிக்கு மேல பயாலஜி சம்பந்தப்பட்ட மேஜர். ஹ்யூமானிட்டீஸ், மேத்ஸ், பிசிகல் சயன்ஸ் எடுத்தவங்களுக்கு இடம் கிடைக்கிற விகிதம் பயாலஜிய விடக் கொஞ்சம் மேல இருக்கும். உடனே "அப்ப ஹிஸ்டரி எடுத்தா சான்ஸ் அதிகம்"னு ஒரு கூட்டம் கிளம்பிடும். அது தப்பு. ஹிஸ்டரி படிச்சிட்டு ஆர்கானிக்கும் பிசிக்ஸும் எடுத்து எம்கேட் எழுதுற பிள்ளைங்க கொஞ்சம் பேர்தான், வழில கழண்டு போகாம கடைசி வரைக்கும் நின்னவங்க அவங்க, அவங்க எம்கேட்டும் சராசரியா அதிகம். மேஜர் அவங்கள மேல தூக்கிச்சா, மேல போற ஆட்கள் அந்த மேஜர எடுத்தாங்களாங்கிறத அந்த அட்டவணைல இருந்து பிரிக்கவே முடியாது. உங்களுக்கு இன்னொரு சிக்கல், எஞ்சினியரிங்குக்குன்னு அதுல தனி வரிசையே கிடையாது. மேஜர் எதுவா இருந்தாலும் டாக்டராப் படிக்க முடியுமாங்கிறதுக்கு மட்டும் நல்ல ஆதாரம் இருக்கு. நியூயார்க் மவுன்ட் சைனாய் மெடிக்கல் ஸ்கூல்ல 1987-ல இருந்து ஹ்யூமானிட்டீஸ் பிள்ளைங்கள ஆர்கானிக், பிசிக்ஸ், எம்கேட் இல்லாமயே எடுத்துப் பாத்தாங்க. 2010-ல வந்த ஆய்வுல அவங்களும் மத்தவங்களுக்கு சமமாத்தான் படிச்சாங்கன்னு தெரிஞ்சுது.

"ஈஸி மேஜர்"ங்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காது, ஏன்னா யாருக்கு ஈஸிங்கிறது அதுல இல்ல. சில வருஷம் முன்னாடி ஒரு பையன், மெக்கானிக்கல்ல 3.4, ஜிபிஏ ஏத்தறதுக்காகவே சோஷியாலஜிக்கு மாறினான். அங்க பரீட்சை கம்மி, ஆனா வாரத்துக்கு 150, 200 பக்கம் படிக்கணும், செமஸ்டர் கடைசில 20 பக்க டெர்ம் பேப்பர். அவனுக்கு எழுத்துன்னா வேப்பங்காய். பி, பி ப்ளஸ்னு வாங்கி 3.3-ல முடிச்சான், பிடிச்சதையும் விட்டுட்டு. தம்பி, நீங்க ஒன்பதாவது வரைக்கும் தமிழ் மீடியம். கணக்குல, பிசிக்ஸ்ல உங்களுக்கு அது பாதகமே இல்ல, ஆனா இங்கிலீஷ்ல வாதம் கட்டி எழுதுற மேஜர்ல நீங்க உங்க ரூம்மேட்டுக்கு சமமான இடத்துல இருந்து ஓட ஆரம்பிக்கல. உங்களால முடியாதுன்னு சொல்லல, ஒண்ணு ரெண்டு வருஷத்துல நிச்சயம் வந்துடும், சொல்லப் போனா எம்கேட்ல கார்ஸ்னு ஒரு பகுதி முழுக்க வாசிப்புதான், அதுக்காகவே செமஸ்டருக்கு ஒரு எழுத்துக் கோர்ஸ் எடுங்கன்னு சொல்வேன். ஆனா ஈஸின்னு நினைச்சு அங்க ஓடாதீங்க. ரூம்மேட்டோட 4.0-ஐயும் லேசா நினைக்காதீங்க, அவர் படிக்கிற சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டும் எம்கேட்ல கேக்கிறாங்க.

அப்ப எஞ்சினியரிங்லயே இருந்துடலாமான்னா, அதுலயும் கண்ணத் திறந்து பாக்க வேண்டிய விஷயம் இருக்கு. ஆம்காஸ் எஞ்சினியரிங் கோர்ஸ பிசிபிஎம்ல சேக்காது. தெர்மோ, சர்க்யூட்ஸ், பயோமெக்கானிக்ஸ்ல நீங்க உயிரக் குடுத்து ஏ வாங்கினாலும் சயன்ஸ் ஜிபிஏ ஏறாது, மொத்தத்துலதான் வரும். ஆனா கால்குலஸ் 1, 2, 3, டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன், கால்குலஸ் வச்சு நடத்துற பிசிக்ஸ், இதெல்லாம் பிசிபிஎம்ல வரும், உங்க ரூம்மேட் இதுல பாதியத் தொடவே வேண்டாம். எஞ்சினியரிங் டிகிரி 125, 130 கிரெடிட் (ஒவ்வொரு கோர்ஸுக்கும் உள்ள எடை) வரைக்கும் போகும், எலெக்டிவுக்கு இடமே இருக்காது, ஆர்கானிக் 2, பயாலஜி லேப் எல்லாம் மேல ஏத்திக்கணும். க்ளினிக்ல வாலன்டியர், டாக்டர் கூடவே இருந்து அவர் வேலையப் பாக்கிற ஷேடோயிங், ரிசர்ச், இதுக்கெல்லாம் நேரம் எங்க இருந்து வரும்னு இப்பவே ஒரு தாள்ல நாலு வருஷத்துக்கும் போட்டுப் பாருங்க. நாலு வருஷம் முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் இடைவெளி விட்டு சேர்றவங்கதான் இப்ப பாதிக்கும் மேல, அதனால நேரம் பத்தலைன்னா அது ஒரு வழி.

அப்பா சொல்றதுல நியாயம் இருக்கு. ப்ரீ-மெட்னு ஆரம்பிக்கிற பிள்ளைங்க நிறைய பேர் அப்ளை பண்ற இடத்துக்கே வர்றதில்ல, அப்ப கைல என்ன இருக்கும்ங்கிற கேள்விய ஒரு அப்பா கேக்காம யார் கேப்பாங்க. ஆனா அவர் கிட்ட ஒண்ணு சொல்லுங்க. பேக்கப்புன்னா மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் அளவுக்கு பயோமெடிக்கல் பேச்சுலர்ஸுக்கு நேரா வேலை கிடைக்கிறத நான் பாக்கல, என் பிள்ளைங்கள்ல நிறைய பேர் மாஸ்டர்ஸ் போனதுக்கப்புறம்தான் நல்ல வேலைக்குப் போனாங்க. அதுவும் 2.9 ஜிபிஏவோட எஞ்சினியரிங் டிகிரின்னா டாக்டர் கனவுக்கும் உதவாது, பேக்கப்புக்கும் பாதிதான் உதவும். கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ் இதுல எதையாவது நல்லா படிச்சவங்களுக்கும் கைல தொழில் இருக்கு. இத நீங்க சொல்ற விதமா சொன்னா அவருக்குப் புரியும்.

இந்த பி மைனஸ் எவ்வளவு பெரிய காயம்னு ஒரு தடவ கணக்காப் பாருங்க. 4 கிரெடிட் கோர்ஸ், 4.0-ல இருந்து 1.3 கம்மி. 120 கிரெடிட் மொத்தத்துல அது 0.04 தான், சயன்ஸ் 60 கிரெடிட்னு வச்சா 0.09 கிட்ட. இதனால யாருக்கும் சீட் போனதில்ல. முதல் வருஷம் 30 கிரெடிட்ல 3.0 வாங்கின பிள்ளை மீதி 90 கிரெடிட்ல 3.9 வாங்கினா 3.67-ல முடிக்கும், ஏறுமுகமா வேற இருக்கும், அதக் கமிட்டில எல்லாரும் கவனிப்பாங்க. பயப்பட வேண்டியது வேற எடத்துல. 90 கிரெடிட் வரைக்கும் 3.2-லயே ஓட்டிட்டு கடைசி வருஷம் முழுக்க 4.0 வாங்கினாலும் 3.4-தான் வரும். இதத் திருத்துறதுன்னா முதல் ரெண்டு வருஷத்துலதான், மாஸ்டர்ஸ் பண்ணி ஏத்திக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆம்காஸ்ல மாஸ்டர்ஸ் க்ரேட் தனி வரிசை, அண்டர்கிராட்ல கலக்காது. பி மைனஸ் வந்த கோர்ஸ திரும்ப எடுக்காதீங்க, ரெண்டும் கணக்குல நிக்கும், அந்த நேரத்த கெமிஸ்ட்ரி 2-க்குக் குடுங்க. ஒரு செமஸ்டர் கைய மீறிப் போச்சுன்னா தேதிக்குள்ள கோர்ஸ விட்டு விலகி ஒரு டபிள்யூ (வித்ட்ரா) வாங்கிக்கலாம், அது ஜிபிஏவுல வராது, ஒண்ணு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, நாலு இருந்தா கேப்பாங்க.

பி மைனஸ்ல இருக்கிற பிள்ளைங்க கிட்ட நான் 22 வருஷமா பாக்கிறது ஒண்ணேதான், நேரம் பத்தாம இல்ல, சொல்லிக் குடுத்ததத் திரும்பத் திரும்பப் படிக்கிறாங்க. நோட்ட நாலு தடவ வாசிச்சா தெரிஞ்ச மாதிரியே இருக்கும், பேப்பர்ல புது மாதிரி கேள்வி வந்தா கை நிக்கும். நம்ம ஊர்ல புக் பேக் கேள்விய முழுசாப் போட்டா மார்க் வந்துச்சு, இங்க நாங்க வேணும்னே பாக்காத கேள்வியாப் போடுவோம். பழைய பேப்பர எடுத்து, நோட்ட மூடி வச்சு, கடிகாரம் வச்சு எழுதணும், எழுதினதுக்கப்புறம் எந்த வரில திசை மாறினேன்னு தேடணும். ஆபீஸ் ஹவர்ஸ்க்குப் போறதுக்குக் கூச்சப்படாதீங்க, அங்க போய் நிக்கிறது மரியாதைக் குறைவுன்னு நம்ம பிள்ளைங்க நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். பிள்ளைங்க வந்தா ப்ரொஃபசருக்கு சந்தோஷம்தான், பின்னாடி லெட்டர் எழுதுறவங்களும் அவங்கதான்.

இன்னொண்ணு, நீங்க எந்த விசான்னு சொல்லல. எஃப்-1 (மாணவர் விசா) இல்ல ஹெச்-4-ல (வேலை விசால இருக்கிறவங்க குடும்பத்துக்கான விசா) இருந்தீங்கன்னா மேஜர விட அது பெரிய விஷயம், தயவு செஞ்சு இப்பவே பாருங்க. நிறைய மெடிக்கல் ஸ்கூல், முக்கியமா ஸ்டேட் ஸ்கூல்கள், சிட்டிசன் இல்ல க்ரீன் கார்டு இருந்தாத்தான் அப்ளிகேஷனையே பாக்கும். எந்த ஸ்கூல் இன்டர்நேஷனல் பிள்ளைங்கள எடுக்குதுன்னு எம்எஸ்ஏஆர்னு ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு, காசு கட்டிப் பாக்கணும், காலேஜ் ஆபீஸ்லயே வச்சிருப்பாங்க. அந்த நிலைமைல இருந்தா அப்பா சொல்ற பேக்கப்புக்கு இன்னும் எடை கூடும், நான் மேல சொன்னதுல கொஞ்சம் மாத்தியும் சொல்வேன்.

நான் உங்க இடத்துல இருந்தா இந்த செமஸ்டர் மாற மாட்டேன். எஞ்சினியரிங்ல இருந்து வெளிய வர்றது எப்ப வேணாலும் முடியும், வெளிய போனவங்க திரும்ப உள்ள வர்றதுதான் முக்காவாசி காலேஜ்ல கஷ்டம். கெமிஸ்ட்ரி 2, அடுத்த கால்குலஸ், கூட ஒரு எஞ்சினியரிங் கோர்ஸ், இத மட்டும் எடுத்து கிரெடிட்ட 14, 15-ல நிறுத்துவேன். மே மாசம் ரெண்டு கேள்வி கேட்டுப்பேன். கெமிஸ்ட்ரி ஏ பக்கம் வந்துச்சா, அந்த எஞ்சினியரிங் புக்க யாரும் சொல்லாம நானாத் திறந்தேனா. ரெண்டுக்கும் ஆமான்னா இருங்க, மொத்தம் 3.5, 3.6-ல முடிச்சாலும் நல்ல எம்கேட்டோட கதவு திறந்துதான் இருக்கும். கெமிஸ்ட்ரி வந்துச்சு, எஞ்சினியரிங் புக்கத் தொடவே பிடிக்கலைன்னா மாறுங்க, எதுக்கு மாறணும்ங்கிறதையும் அதே கேள்விய வச்சே முடிவு பண்ணுங்க, நியூரோசயன்ஸோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ ஃபிலாசஃபியோ, நீங்களா எடுத்துப் படிக்கிறது எதுவோ அது. கெமிஸ்ட்ரியே வரலைன்னா அப்ப மேஜர் மாத்தி பிரயோஜனம் இல்ல, அந்தப் பாடத்தோட என்ன பிரச்சினைன்னு உக்காந்து பாக்கணும்.

அதுக்கு முன்னாடி உங்க ஃபைனல் பேப்பர டிபார்ட்மென்ட்ல கேட்டு வாங்கிப் பாருங்க, வச்சிருப்பாங்க. எந்தெந்தக் கேள்வில மார்க் போச்சு, கணக்குல தப்பா, கேள்வி புரியலையா, நேரம் பத்தலையான்னு ஒவ்வொண்ணா இங்க எழுதுங்க, ஆவரேஜ் எவ்வளவுன்னும் சேத்து. ஈக்விலிப்ரியமா, தெர்மோவா, எங்க ஓட்டைன்னு தெரிஞ்சா கெமிஸ்ட்ரி 2 ஆரம்பிக்கிறதுக்குள்ள எதப் படிக்கணும்னு நான் சொல்றேன்.